உளவியல் படிப்பு: கற்றதும் தவறியதும்

(இறுதியாண்டு, இளமறிவியல் உளவியல்)

விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போதெல்லாம் எனக்குப் பேருந்தில் ஒரு தேர்வு காத்திருக்கும். பக்கத்தில் அமர்பவர், "தம்பி என்ன படிக்கிறீங்க?" என்பார். "பி.எஸ்ஸி. உளவியல்" என்பேன். "அப்படீன்னா?" "சைக்காலஜி." உடனே அவர் முகம் மலரும். "அப்போ என் மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லுங்க, பாப்போம்!" ஒருவர் உள்ளங்கையையே நீட்டிவிட்டார். வேறு சிலர் சற்றே தள்ளி அமர்ந்து, "பைத்தியக்காரங்களைப் பாக்குற படிப்பா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பர். என் தந்தையாரோ, "வேலை கிடைக்குமா?" என்னும் ஒரே வினாவோடு நிறுத்திக் கொண்டார்.

இயற்பியல் பயிலும் நண்பனிடம் எவரும் பேருந்தின் முடுக்கத்தைக் கேட்பதில்லை. உளவியல் மாணவன் மட்டும் சோதிடனாகவோ மருத்துவனாகவோ கருதப்படுகிறான். இதற்காக மக்களைக் குறை கூறிப் பயனில்லை. முதலாண்டில் இத்துறையில் சேர்ந்தபோது நானும் ஏறக்குறைய அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தால் ஒரு பெரும் பிழையும் செய்தேன். மூன்றாண்டுப் படிப்பு எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்பதை நம் கல்லூரி நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் பிழையையும் உரிய இடத்தில் மறைக்காமல் கூறுவேன்.

துறையின் தோற்றம்

மனத்தைப் பற்றிய சிந்தனை மிகப் பழமையானது. மனத்தின் செயலை அளந்தும் பார்க்கலாம் என்னும் துணிவோ பிற்காலத்தது. 1879-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் என்னும் பேராசிரியர் உளவியலுக்கென ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். ஓர் ஒலி எழுந்தது முதல் அதைக் கேட்டவர் பொத்தானை அழுத்தும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்பன போன்ற எளிய வினாக்களே அங்கு ஆராயப்பட்டன. அதுவரை தத்துவத்தின் ஒரு கிளையாய் இருந்த உளவியல், அன்றுமுதல் தன் கூற்றுகளுக்குச் சான்று காட்ட வேண்டிய அறிவியலாயிற்று.

நம் நாட்டிலும் இத்துறை நெடுங்காலம் தாழ்த்து வரவில்லை. 1916-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியலுக்குத் தனித்துறை அமைந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டில் பயின்று வந்த நரேந்திரநாத் சென்குப்தா அதன் பொறுப்பை ஏற்றார். 1924-இல் மைசூரில் துறை தொடங்கியது. அதை நடத்திய எம். வி. கோபாலசாமி, இலண்டனில் ஸ்பியர்மன் என்னும் அறிஞரிடம் பயின்றவர். 1935-இல் மைசூரில் தம் இல்லத்திலேயே சிறு வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கியவரும் இவரே. அதற்கு வழங்கிய 'ஆகாசவாணி' என்னும் பெயரே பின்னர் இந்திய வானொலிக்கும் ஆயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இல் துறை உருவாயிற்று.

இவ்விடத்தில் தமிழ்த்துறை நண்பர் ஒருவர் என்னை மறித்தார். "தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறிவிட்டாரே, ஒவ்வொன்றும் தோன்றுவதற்கு நான்கு நிலைக்களன்கள் வீதம் முப்பத்திரண்டும் கூறினாரே, இதில் ஐரோப்பியர் புதிதாகச் செய்ததென்ன?" என்றார். நல்ல வினா. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் வகையை அவர் நுணுகி நோக்கியிருக்கிறார் என்பதில் ஐயமில்லை. அவர் நோக்கியது செய்யுளில் அவ்வுணர்ச்சி வெளிப்படும் முறையை. அதே வகைப்பாடு எல்லா நாட்டு மக்களுக்கும் பொருந்துமா என்று முகப்படங்களைக் காட்டிக் கேட்டு, விடைகளை எண்ணிப் பார்ப்பது உளவியலின் வழி. 1960-களின் இறுதியில் பால் எக்மன் என்பவர் நியூகினித் தீவின் மலைவாழ் மக்களிடம் சென்று செய்தது இதுவே. அவருடைய முடிவுகள் மீது இன்றும் விவாதம் நடக்கிறது. முன்னோர் நோக்கியதைப் போற்றுவதும், அதைச் சோதித்துப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று பகையாகா என்று நண்பரிடம் கூறினேன். அவரும் ஒருவாறு ஒப்புக்கொண்டார்.

ஆய்வுக்கூடத்தின் முதற் பாடம்

எங்கள் துறைக்கும் ஆய்வுக்கூடம் உண்டு என்றால் வேதியியல் நண்பர்கள் நகைப்பர். அங்கு அமிலமும் இல்லை, அடுப்பும் இல்லை. சில பலகைகள், அட்டைகள், ஸ்டாப் வாட்ச், ஒரு முகக்கண்ணாடி, சில வினாத்தாள்கள். இவைதாம் எங்கள் கருவிகள்.

நான் செய்த முதற் சோதனை முல்லர்-லயர் பொய்த்தோற்றம். 1889-இல் முல்லர்-லயர் என்னும் ஜெர்மானியர் வெளியிட்டது. சம நீளமுள்ள இரு கோடுகளை வரைந்து கொள்ளுங்கள். ஒன்றின் இரு முனைகளிலும் அம்பின் தலைபோல உள்நோக்கி மடங்கிய சிறு கோடுகளை இடுங்கள். மற்றொன்றின் முனைகளில் அம்பின் வாலில் உள்ள இறகுபோல வெளிநோக்கி விரிந்த சிறு கோடுகளை இடுங்கள். இறகுடைய கோடு நீளமாகத் தோன்றும்.

எங்கள் பலகையில் அம்புத்தலைக் கோட்டின் நீளம் 10 சென்டிமீட்டர். இறகுக் கோட்டை நகர்த்தி, இரண்டும் சமம் எனத் தோன்றும்போது நிறுத்த வேண்டும். நான் இருபது முறை நிறுத்தினேன். சராசரி 8 சென்டிமீட்டரை ஒட்டியே வந்தது. எங்கள் துறைத் தலைவர் அம்மையார் என்னிடம் அளவுகோலைத் தந்து, "நீயே அளந்து பார், பிறகு மறுபடியும் செய்" என்றார். பிழை இவ்வளவு என்று தெரிந்த பின்னர் மீண்டும் இருபது முறை செய்தேன். பிழை குறைந்தது, மறையவில்லை. கண் தனக்குத் தோன்றியதையே சொல்லிக் கொண்டிருந்தது.

செய்முறைப் பதிவேட்டில் இதை வரைபடத்தோடு எழுதி, கையொப்பமும் வாங்கினேன். அதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை. ஒரு பொய்த்தோற்றத்தைப் பற்றி அறிந்திருப்பதால் மட்டும் அதிலிருந்து ஒருவர் தப்பிவிட முடியாது என்பதே அதன் பொருள். அளவுகோல் இன்றியமையாதது. இதனை நான் உணர்ந்த இடம் ஆய்வுக்கூடம் அன்று.

மறதியை அளந்தவர்

தேர்வுக்கு முதல்நாள் இரவு முழுதும் விழித்துப் படிக்கும் நண்பர்கள் எபிங்ஹாஸ் என்னும் பெயரை அறிந்திருப்பது நலம். இவர் 1885-இல் நினைவு பற்றிய தம் நூலை வெளியிட்டார். இவருக்குச் சோதனைக்கு உட்பட்ட ஆளும் இவரே. பொருளுள்ள சொற்களுக்குப் பழைய நினைவுகள் துணை நிற்கும் என்பதால், பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2,300 உருவாக்கி, அவற்றை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்தார். சில காலம் கழித்து அவ்வரிசையை மீண்டும் மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் குறைகிறது என்று கணக்கிட்டார். முதன்முறை 100 நிமிடம் ஆனது, மறுமுறை 66 நிமிடம் போதும் என்றால், மிச்சம் நூற்றுக்கு 34. இம்மிச்சமே நினைவின் அளவு. இருபது நிமிடத்தில் அது 58 ஆகவும், ஒரு நாளில் 34 ஆகவும், முப்பத்தொரு நாளில் 21 ஆகவும் குறைந்தது. மறதி தொடக்கத்தில் விரைந்தும் பின்னர் மெல்லவும் செல்கிறது என்பது இதனால் விளங்கும்.

நாங்களும் தமிழில் பொருளற்ற அசைகளை உருவாக்க முயன்றோம். அது எளிதன்று. எதை எழுதினாலும் வகுப்பில் ஒருவன் அதற்குப் பொருள் கண்டுவிடுவான். 'மப்' என்று கரும்பலகையில் எழுதியதும் எழுந்த சிரிப்பால் அன்றைய சோதனையே நின்று போயிற்று. பொருளைத் தேடாமல் மனத்தால் இருக்க முடியாது என்பதற்கு அதுவும் ஒரு சான்றாகும்.

படிக்கும் முறைக்கு உதவும் ஆய்வு ஒன்றையும் கூறுகிறேன். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டது. மாணவர் ஒரு பகுதியைப் படித்தனர். ஒரு சாரார் அதையே மீண்டும் படித்தனர். மறு சாரார் தாளை மூடிவிட்டு, நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவரே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, மீண்டும் படித்தவர்க்கு நூற்றுக்கு 42-ம், எழுதிப் பார்த்தவர்க்கு 56-ம் நினைவிலிருந்தன. நோட்டை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். அதையும் ஒரே இரவில் செய்யாமல் பல நாளாகப் பிரித்துச் செய்யுங்கள். இவ்வொரு பயனுக்காகவேனும் எங்கள் துறையை வாழ்த்துவீர்கள் என நம்புகிறேன்.

கேட்கும் சொல்லும் கிடைக்கும் விடையும்

நினைவு குறைவது மட்டுமன்று, மாறவும் செய்யும். 1974-இல் எலிசபெத் லாப்டஸ், ஜான் பால்மர் ஆகியோர் செய்த சோதனை இதனைக் காட்டுகிறது. கார்கள் மோதிக்கொள்ளும் சிறு படம் ஒன்றை 150 மாணவருக்குக் காட்டினர். ஐம்பது பேரிடம், கார்கள் 'இடித்துக் கொண்டபோது' என்ன வேகத்தில் சென்றன என்று கேட்டனர். வேறு ஐம்பது பேரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்று சொல்லை மாற்றிக் கேட்டனர். மீதி ஐம்பது பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. ஒரு வாரம் சென்றபின், உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று எல்லாரிடமும் வினவினர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஆயினும் 'நொறுங்கியபோது' என்ற சொல்லைக் கேட்ட ஐம்பதின்மருள் 16 பேர் பார்த்ததாகக் கூறினர். 'இடித்துக் கொண்டபோது' என்று கேட்கப்பட்டவருள் 7 பேரும், எதுவும் கேட்கப்படாதவருள் 6 பேரும் அவ்வாறு கூறினர்.

கேட்பவர் பயன்படுத்தும் ஒரு சொல், கேட்கப்படுபவரின் நினைவிலேயே புகுந்துவிடுகிறது. காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் மட்டுமன்றி, நோயாளியின் கட்டிலருகிலும் இது நிகழும்.

பீகாரில் எழுந்த வினா

எங்கள் பாடநூல்களில் வரும் பெயர்கள் பெரும்பாலும் அயல்நாட்டுப் பெயர்களே. புகழ்பெற்ற கோட்பாடு ஒன்றின் வித்து நம் நாட்டிலிருந்து சென்றது என்பதை அறிந்தபோது மகிழ்ந்தேன். 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அதன்பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்பவர் தொகுத்து ஆராய்ந்து 1935-இல் வெளியிட்டார். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதம் ஏதும் காணாத பகுதிகளில், 'இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது' என்னும் வதந்திகள் பரவியிருந்தன.

அஞ்சியிருக்கும் மக்கள் மேலும் அச்சம் தரும் செய்தியை ஏன் உண்டாக்கிக் கொள்கின்றனர்? இவ்வினா அமெரிக்க அறிஞர் லியான் பெஸ்டிங்கரைச் சிந்திக்க வைத்தது. அவர்கள் உள்ளத்தில் அச்சம் இருந்தது. சுற்றிலும் அதற்குக் காரணம் தென்படவில்லை. பொருந்தாத இவ்விரண்டையும் பொருத்துவதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. வதந்தி அக்காரணத்தைத் தந்தது என்றார் அவர். 1957-இல் அவர் வெளியிட்ட 'அறிகை முரண்பாடு' என்னும் கோட்பாட்டுக்கு இச்சிந்தனை வழிகோலியது. துர்கானந்த் சின்கா 1952-இல் வெளியிட்ட டார்ஜிலிங் நிலச்சரிவு பற்றிய ஆய்வில், அழிவை நேரில் கண்ட மக்களிடையே அத்தகைய மிகை வதந்திகள் காணப்படவில்லை என்பதும் இதற்கு அரணாயிற்று. இன்று செல்பேசியில் வரும் அச்சச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்புமுன், நம் உள்ளத்தில் முன்னரே இருந்த எந்த அச்சத்திற்கு இது காரணம் தேடித் தருகிறது என்று ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம்.

நான்கு கட்டங்கள்

உளவியல் மாணவர் பலரும் அஞ்சும் தாள் புள்ளியியல். மனத்தைப் படிக்க வந்தவனுக்குக் கணக்கு எதற்கு என்று நானும் முணுமுணுத்ததுண்டு. இதற்கு எங்கள் ஆசிரியர் ஒருவர் சொன்ன எடுத்துக்காட்டு மறக்க முடியாதது.

"தாயத்துக் கட்டினால் குழந்தையின் பயம் தெளிகிறது என்கிறார்கள். கட்டித் தெளிந்த குழந்தைகளைக் காட்டவும் செய்கிறார்கள். நீ நான்கு கட்டம் போடு. கட்டித் தெளிந்தவை, கட்டியும் தெளியாதவை, கட்டாமலே தெளிந்தவை, கட்டாமல் தெளியாதவை. நான்கிலும் எண்களை நிரப்பாமல் முடிவு சொல்லாதே" என்றார் அவர். நம் மனம் முதற் கட்டத்தை மட்டுமே நினைவில் வைத்துக் கொள்கிறது. பெரும்பாலான குழந்தைகளின் பயம் எதுவும் செய்யாமலே சில நாளில் தெளியும் என்பது மூன்றாம் கட்டத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

அவர் அதோடு நிறுத்தவில்லை. "தாயத்தைப் பார்த்துச் சிரிக்கிறீர்களே, நாளைக்கு உங்களிடம் பேசியதால்தான் ஒருவர் தேறினார் என்று நீங்கள் சொல்லும்போதும் இதே நான்கு கட்டம்தான்" என்றார். வகுப்பில் சிரிப்பு அடங்கிவிட்டது. இத்துறை தன்னையும் இவ்வாறு சோதித்துக் கொண்டதுண்டு. உளவியல் இதழ்களில் வெளிவந்த 100 ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர் கூடி மீண்டும் செய்து பார்த்து, 2015-இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 36 விழுக்காடு ஆய்வுகளே இரண்டாம் முறையும் தெளிவான பயனைக் காட்டின. இதனைக் கேட்டு உளவியலே பொய் என்று கூறுவாரும் உளர். தன் பாடநூலைத் தானே திருத்த முன்வந்த துறை என்பதால் எனக்கோ இதன்மீது மதிப்பு மிகுந்தது.

என் பிழை

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். முதலாண்டின் இரண்டாம் பருவம். பங்குனி உத்திரத்திற்கு ஊருக்குச் சென்றிருந்தேன். பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்தவர் இன்னும் அங்கேயே இருந்தார். குழந்தைக்கு ஐந்து மாதம். அக்கா இயல்பில் கலகலப்பானவர். அவர் இருக்கும் வீட்டைத் தெருமுனையிலேயே குரலால் அறியலாம். அன்று அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கேட்டால் ஒரு சொல்லில் விடை. குழந்தை அழுதாலும் எழுந்திருக்க நேரமாயிற்று. அந்த வெயிலில் கழுத்துவரை போர்வை.

"நீதான் மனசைப் பத்திப் படிக்கிறவனாச்சே, அவளுக்கு என்னன்னு கொஞ்சம் பாருய்யா" என்றார் பெரியம்மா.

நான் பார்த்தேன்! நூலகத்திலிருந்து பிறழ்நிலை உளவியல் நூல் ஒன்றை எடுத்து வந்திருந்தேன். நோட்டும் பேனாவுமாக அக்காவின் அருகில் அமர்ந்து அரைமணி நேரம் வினவினேன். பின்னர் முற்றத்தில் பெரியவர்கள் முன்னிலையில் என் தீர்ப்பைக் கூறினேன். இது பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு. இளமையில் தந்தையை இழந்த துயரம் இப்போது வெளிப்படுகிறது. உலகத்தின் கண்ணிலிருந்து ஒளிந்துகொள்ள விரும்புவதையே போர்வை காட்டுகிறது. மனம்விட்டுப் பேசினால் சரியாகிவிடும், மருத்துவமனை வேண்டாம், மாத்திரை பழகிவிடும். "நம்ம வீட்டுப் பிள்ளையே படிச்சிருக்கு" என்று அனைவரும் மகிழ்ந்தனர். நானும் மகிழ்ந்தேன்.

என் சொல்லை நம்பி ஐந்து வாரம் காத்திருந்தனர். அதற்குள் நான் சொன்ன 'மனச்சோர்வு' ஊரைச் சுற்றி, அக்காவின் புகுந்த வீட்டுக்கு 'மனசு சரியில்லாத பொண்ணு' என்று போய்ச் சேர்ந்தது. அத்தான் வந்து, குழந்தையை மட்டும் அழைத்துச் செல்வதாகப் பேசினார். அந்நிலையில்தான் குழந்தைக்கு எடை பார்க்கக் கிராம சுகாதாரச் செவிலியர் வந்தார். அவர் அக்காவின் முகத்து வீக்கத்தைப் பார்த்தார். முடி கொட்டுகிறதா, மலச்சிக்கல் உண்டா, குளிர்கிறதா என்று மூன்றே வினாக்கள் கேட்டார். "யாரு என்ன சொல்லியிருந்தாலும் சரி, நாளைக்கே ரத்தம் எடுத்துப் பாருங்க" என்று அரசு மருத்துவமனைக்கு எழுதித் தந்தார். சோதனையில் தைராய்டுச் சுரப்பு மிகவும் குறைந்திருப்பது தெரிந்தது. பிள்ளைப்பேற்றுக்குப் பின்வரும் மாதங்களில் சிலருக்கு இவ்வாறு நேர்வதுண்டாம். மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் அக்காவின் குரல் தெருமுனைக்குத் திரும்பியது. குழந்தையோடு தம் வீட்டுக்கும் சென்றார்.

அடுத்த விடுமுறையில் அவரைப் பார்க்கச் சென்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சினக்கவில்லை. "குளிருதுன்னு உன்கிட்ட சொன்னேனேடா. நீ எழுதிக்கிட்டே இருந்தியே தவிர, கேக்கல" என்றார்.

கல்லூரி திறந்ததும் துறைத் தலைவர் அம்மையாரிடம் நடந்ததைக் கூறினேன். அப்பருவத்தில்தான் உடலியல் உளவியல் தாளில் நாளமில்லாச் சுரப்பிகளைப் படித்திருந்தோம். பங்குனிக்கு முன் நடந்த அகத்தேர்வில் அதைப் பற்றி எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். "தைராக்சின் குறைந்தால் என்னென்ன அறிகுறி என்று எழுதினாய்?" என்று மட்டும் அம்மையார் கேட்டார். ஒப்பித்தேன். சோர்வு, எடை கூடுதல், முடி உதிர்தல் என்று சொல்லி வந்து, நான்காவதாக 'குளிர் தாங்காமை' என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

இவ்வாண்டில் நான் கற்ற பாடம் அனைத்தும் அந்த அரைமணி நேரத்தில் என்னெதிரே இருந்தன. போர்வையைக் கண்டேன், எனக்குத் தோன்றியதையே அதில் கண்டேன். என் வினாக்கள் எல்லாம் தந்தையின் மறைவையே சுற்றி வந்தன. விடைகளும் அவ்வாறே வந்தன. காரணம் தெரியாத ஒன்றுக்கு ஒரு காரணம் கற்பித்துக் கொண்டேன். என் ஊகத்துக்குப் பொருந்துவதை மட்டும் எழுதிக் கொண்டேன். மற்றக் கட்டங்களை நிரப்பவில்லை. ஒருவேளை அது நான் சொன்ன மனச்சோர்வாகவே இருந்திருந்தாலும் என் பிழை பிழையே. ஏனெனில் அதுவும் மருத்துவர் பார்த்துக் குணப்படுத்த வேண்டிய நோய். தள்ளிப்போட்டால் தாய்க்கும் சேய்க்கும் தீங்கு நேரலாம்.

படிப்பின் எல்லை

ஆதலின் இளமறிவியல் உளவியல் எதற்குத் தகுதி தருவதில்லை என்பதை முதலில் தெளிவாகக் கூறுகிறேன். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று அதன்மேல் மனநல மருத்துவம் பயின்றவர். மருந்து எழுதுபவர் அவரே. மருத்துவ உளவியலர் என்பவர் முதுநிலைக்கு மேலும் அதற்குரிய சிறப்புப் பயிற்சி பெற்று, 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டியவர். மூன்றாண்டுப் பட்டத்தோடு பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ள எங்களுக்கு உரிமை இல்லை.

அப்படியாயின் பயன் என்ன? என் தந்தையாரின் வினாவுக்கு நேர்மையான விடை இதுதான். 'உளவியலர்' என்னும் பெயரில் உடனே ஒரு நாற்காலி கிடைக்காது. முதுநிலை உளவியல், சமூகப்பணி, சிறப்புக் கல்வி, நிறுவனங்களில் பணியாளர் துறை ஆகியவற்றுக்கு இது நல்ல அடித்தளம். எங்கள் மூத்த மாணவர் சிலர் போட்டித் தேர்வு எழுதி அரசுப் பணியில் இருக்கின்றனர்.

மற்றொரு பயனும் உண்டு. அதனை எந்த ஊரிலும் உடனே செய்யலாம். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில், மனநோயாளிகள் தங்க வைக்கப்பட்டிருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களை அங்குக் கொண்டு வந்து விட்டவர்களிலும் கொடியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? வேறு வழி அறியாதவரே பலராக இருந்திருப்பர். வழியைச் சொல்ல நம்மால் முடியும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை பெறுவதை மக்களின் உரிமையாக்கியுள்ளது. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்துள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்னும் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம். விடுதியில் உறக்கமின்றி அமர்ந்திருக்கும் நண்பனுக்கும் இவ்வெண் உதவும். நோயின் பெயரைச் சூட்டாமல், உரிய இடத்துக்கு அவனோடு துணையாகச் செல்வதே உளவியல் மாணவன் செய்யத்தக்க உதவி.

முடிவாக

எங்கள் துறையில் சேர விரும்பும் இளைய நண்பர்களுக்கு மூன்று சொற்கள். பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன என்று அஞ்ச வேண்டா. தமிழ்வழி பயின்று வந்த நானும் ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் விளக்கம் எழுதி எழுதியே புரிந்துகொண்டேன். அவ்வாறு எழுதிப் பார்த்ததால் ஆழமாகவே புரிந்தது. புள்ளியியலையும் உடலியல் உளவியலையும் மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காதீர்கள். எந்த வீட்டில் எவருக்கு அது தேவைப்படும் என்று கூற முடியாது. நோய்களைப் பற்றிய நூலைப் படிக்கும்போது உறவினர் முகங்களை அதில் தேடாதீர்கள்.

சென்ற மாதம் ஊருக்குச் செல்கையில் பேருந்தில் ஒரு பெரியவர் அதே வினாவைக் கேட்டார். "என் மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க தம்பி." "தெரியாதுங்கய்யா. நீங்க சொன்னா கேட்டுக்கிறேன்" என்றேன். அவர் சிறிது நேரம் சன்னல் வழியே வெளியே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, வெளியூரில் வேலைக்குச் சென்ற மகன் நான்கு மாதமாகப் பேசவில்லை என்று தொடங்கினார். எங்கள் ஊர் நிறுத்தம் வரும் வரை பேசிக்கொண்டே வந்தார். நான் எதுவும் எழுதிக் கொள்ளவில்லை.